பழைய பெட்ரோல் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றுவது எப்படி: சோதனை, செலவு, காகிதங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறீர்களா? புகை டெஸ்டுக்குப் போனால் சி.ஓ (கார்பன் மோனாக்சைடு) அதிகம் என்று திருப்பி அனுப்புகிறார்களா, மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறுகிறதா? மெக்கானிக் கீழே குனிந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு "கன்வெர்ட்டர் போச்சு சார்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் சென்னையில் ஒரு பழைய பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதிப்படி வந்த) ஹேட்ச்பேக் காருக்கு இந்த வேலையைச் செய்து முடித்தேன். கடைக்குக் கடை வேறு விலை, ஆளுக்கு ஆள் வேறு யோசனை, எதை நம்புவது என்று தெரியாமல் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறவர்கள் ஒன்பதாம் பகுதியை முதலிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள், தேதிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இது பொருந்தாது. அங்கே உறுப்பும் வேறு, சோதனையும் வேறு.

1. உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் பாருங்கள்

கன்வெர்ட்டர் என்பது எக்ஸாஸ்ட் பாதையில் இருக்கும் ஒரு உலோகக் கூடு. அதற்குள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும், அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றும் சூடான இந்தப் பூச்சில் பட்டுத்தான் தீங்கு குறைந்த வாயுக்களாக மாறுகின்றன. இது இரண்டு விதமாகக் கெடும், இரண்டுக்கும் அறிகுறி வேறு வேறு.

ஒன்று, அடைத்துக்கொள்வது. பீங்கான் உருகியோ உடைந்தோ வழியை மறித்துவிடும். அப்போது வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் ஓரளவு சரியாக இருக்கும், ஆனால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது. காருக்குக் கீழே வழக்கத்தை விட அதிகமாகச் சூடு அடிக்கும். உடைந்த துண்டுகள் உள்ளே உருண்டால் ஐட்லிங்கில் கலகலவென்று சத்தம் வரும்.

இன்னொன்று, பூச்சு செயலிழப்பது. இதில் வண்டி நன்றாகவே ஓடும், பிக்கப்பும் குறையாது, புகை டெஸ்டில் மட்டும் தோற்கும். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். ஏனென்றால் சி.ஓ அதிகமாக வருவதற்குக் கன்வெர்ட்டர் தவிர இன்னும் பல காரணங்கள் உண்டு, அவற்றில் பலவும் சில நூறு ரூபாயில் சரியாகக்கூடியவை.

"ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டால் தெரிந்துவிடுமே" என்பார்கள். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பிழைக் குறியீடு பி0420 (P0420). ஆனால் அந்தக் குறியீடு வர, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சர் இரண்டாவதாக ஒன்று கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதைக் காரின் கம்ப்யூட்டர் கண்காணிக்கவும் வேண்டும். நம் நாட்டில் 2013 ஏப்ரலில் ஓ.பி.டி. 2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஏற்பாடு) கட்டாயமானதற்கு முன் வந்த கார்கள் பலவற்றில் அந்த ஏற்பாடே கிடையாது. அதனால் உங்கள் வண்டி 2008, 2010 மாடலாக இருந்தால் ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லை என்பதை வைத்துக் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? அடைப்பு இருக்கிறதா என்று அறிய, முன்பக்க ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2,500 ஆர்.பி.எம்மில் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருந்தால் அடைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அடைப்புதான். கேஜ் இல்லாத பட்டறை என்றால் இன்டேக்கில் வேக்குவம் கேஜ் வைத்து 2,500-இல் பிடித்துப் பார்க்கலாம், வேக்குவம் மெல்ல மெல்ல இறங்கினால் புகை வெளியே போக வழியில்லை என்று அர்த்தம். பீங்கான் உடைந்திருக்கிறதா என்று பார்க்க ரப்பர் சுத்தியால் கூட்டின் மீது லேசாகத் தட்டினால் போதும், உள்ளே கலகலத்தால் உடைந்திருக்கிறது. முன்னும் பின்னும் வெப்பநிலை பார்த்துச் சொல்லும் முறையும் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

2. ஏன் போனது என்று தெரியாமல் புதிது வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கன்வெர்ட்டரில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. வெளியிலிருந்து அடிபட்டாலொழிய, அது தானாகக் கெடுவது அபூர்வம், இன்ஜின்தான் அதைக் கெடுக்கிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிதை மாட்டினால் அதுவும் சில மாதங்களில் போய்விடும், முதலில் கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுக்க வேண்டி வரும்.

முதல் காரணம் மிஸ்ஸிங். ஒரு சிலிண்டரில் பிளக் சரியாக அடிக்கவில்லை என்றால் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சாதாரணமாக 400-லிருந்து 800 டிகிரி வரை இருக்க வேண்டிய சூடு ஆயிரத்தைத் தாண்டிவிடும், பூச்சு செத்துப்போகும், பீங்கான் உருகும். பிளக், பிளக் வயர், இக்னிஷன் காயில், ஒழுகும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் சிக்கல் அந்தச் சிலிண்டரில் இருக்கிறது.

அடுத்தது இன்ஜின் ஆயில் எரிவது. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் வால்வ் சீல் காய்ந்தாலும் ஆயில் உள்ளே போய் எரியும். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அந்தப் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும், அப்புறம் எதைச் செய்தாலும் அது திரும்ப வராது. ஆயில் மாற்றிய பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே வந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால், முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காரின் விற்பனை விலையே ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கிறது என்றால் இந்த இடத்தில் நின்று, செலவு செய்யலாமா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பட்டறையில் நின்றுகொண்டு முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவது, பழைய ஆக்ஸிஜன் சென்சர். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சென்சர் சோம்பேறியாகிவிடும், காற்று-பெட்ரோல் கலவையைச் சரியாகச் சொல்லாது, கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். ஸ்கேனரில் முன்பக்கச் சென்சரின் வோல்டேஜைப் பார்த்தால் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே வேகமாக மேலும் கீழும் ஆட வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் கலவையில் பெட்ரோல் அதிகமாக இருக்கிறது, அல்லது சென்சரே போய்விட்டது. பெட்ரோல் அதிகமாக எரியும்போது சில வண்டிகளில் அழுகிய முட்டை வாடையும் வரும், அதையும் ஒரு தடயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே ஒழுகின தடயம் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கூலன்ட் உள்ளே போய் எரிந்தாலும் கன்வெர்ட்டரும் சென்சரும் பாழாகும்.

நம் ஊருக்கே உரிய இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் வேளச்சேரி மாதிரி இடங்களில் முட்டளவு தண்ணீரில் சூடான வண்டியை விட்டால் கூடு சட்டென்று குளிர்ந்து உள்ளே பீங்கான் விரிசல் விடலாம். பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் அடிப்பக்கம் இடித்தாலும் அப்படித்தான். பேட்டரி இறங்கிய வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நல்லதல்ல, எரியாத பெட்ரோல் முழுக்க அங்கே போய்ச் சேரும்.

இவற்றையெல்லாம் பார்த்து, பிளக், ஏர் ஃபில்டர், தேவைப்பட்டால் சென்சர் மாற்றிவிட்டு, வண்டியை நன்றாகச் சூடாக்கி மறுபடி ஒரு புகை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். இதிலேயே பாஸ் ஆகிவிடும் வண்டிகள் உண்டு. ஆகவில்லை என்றால்தான் அடுத்த படி.

3. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை உறுதி செய்யுங்கள்

மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லிக் கன்வெர்ட்டர் வாங்க முடியாது. சென்னையில் பி.எஸ். 3 விதி 2005-லேயே வந்துவிட்டது, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு 2010-இல்தான் வந்தது. அதனால் 2008-இல் ஒரே மாடல் காரைச் சென்னையில் ஒருவரும் திருநெல்வேலியில் ஒருவரும் வாங்கியிருந்தால் ஒன்று பி.எஸ். 3 ஆகவும் இன்னொன்று பி.எஸ். 2 ஆகவும் இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரும் வேறாக இருக்கலாம். வேறு ஊரில் பதிவான செகண்ட் ஹேண்ட் கார் என்றால் கூடுதல் கவனம் தேவை.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி. நகல், சேசிஸ் எண், இன்ஜின் எண். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எந்த பாரத் ஸ்டேஜ் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கம்பெனி டீலரின் ஸ்பேர் கவுண்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரை மட்டும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த எண் கையில் இருந்தால் மற்ற எந்தக் கடையிலும் தப்பான பொருளைத் தலையில் கட்ட முடியாது.

கன்வெர்ட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சில கார்களில் இன்ஜினை ஒட்டி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒரே பாகமாக இருக்கும், சிலவற்றில் தரைக்குக் கீழே தனியாக போல்ட் போட்டு இருக்கும். இரண்டாவது வகை மாற்றுவது எளிது, மலிவு. முதல் வகையில் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும், கூலியும் கூடும், அதைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒடியும் அபாயமும் கூடும். கழற்றும் முன் கீழிருந்தும் மேலிருந்தும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் காட்ட வசதியாக இருக்கும்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

மூன்று வழி இருக்கிறது. கம்பெனி ஒரிஜினல், வேறு தயாரிப்பாளர் செய்த புதிய மாற்றுப் பாகம், பழைய பாகம்.

ஒரிஜினல்தான் சரியாகப் பொருந்தும், நீண்ட நாள் வரும். ஆனால் சிறிய கார்களுக்கே நான் விசாரித்தபோது இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேல் சொன்னார்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் ஸ்டாக் இருக்காது, ஆர்டர் போட்டு ஒன்று முதல் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முழு முன்பணம் கேட்பார்கள். ரத்து செய்தால் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு, பதிலை ஆர்டர் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மாற்றுப் பாகம் எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை போகும். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் விசாரிக்கலாம். விலை குறையக் குறைய உள்ளே பூசியிருக்கும் உலோகத்தின் அளவும் குறையும், அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் தயாரிப்பாளர் பெயர், எந்த பாரத் ஸ்டேஜுக்கு உரியது என்ற குறிப்பு, பில், வாரன்டி ஆகிய நான்கும் இல்லாத பொருளை வாங்க வேண்டாம். மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போனால் முதல் புகை டெஸ்டில் பாஸ் ஆகி, ஆறு மாதம் கழித்து அடுத்த டெஸ்டில் தோற்பது நடக்கிறது. உங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. வேண்டும் என்றால் அந்தக் கணக்கு ஒத்துவராது.

பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை. கதவு, லைட், கியர்பாக்ஸ் எல்லாம் நானே அங்கே தைரியமாக வாங்குவேன். கன்வெர்ட்டரை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அது எந்த வண்டியில் எப்படி ஓடியது, ஆயில் எரித்த இன்ஜினா, எதுவும் தெரியாது. அதற்கு மேல் ஒன்று, உள்ளே இருக்கும் உலோகத்துக்கு மறுசுழற்சி விலை இருப்பதால் நல்ல நிலையில் இருப்பவை பெரும்பாலும் அந்த வழியில் போய்விடுகின்றன.

இதோடு சேர்த்து வைக்க வேண்டிய பணம்: கேஸ்கட், புது நட்டு-போல்ட், ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு ஐந்நூறு முதல் ஆயிரம், ஆக்ஸிஜன் சென்சர் தேவைப்பட்டால் இரண்டரையிலிருந்து ஐந்தாயிரம், கூலி ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம். மேனிஃபோல்டு வகை என்றால் கூலி இரண்டு மடங்கு வரை போகலாம். ஸ்டட் ஒடிந்தால் லேத் பட்டறைச் செலவு தனி, அதற்காக ஓர் இரண்டாயிரத்தை ஒதுக்கி வையுங்கள்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று கேட்பார்கள். தேய்மானத்தால் போனதற்குக் கிடைக்காது, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் எதற்குமே கிடைக்காது. முழு பாலிசி இருந்து, வண்டி எதிலாவது இடித்து கன்வெர்ட்டர் உடைந்திருந்தால் கிளைம் கேட்கலாம், ஆனால் கழற்றும் முன்பே தெரிவித்து சர்வேயர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

5. "உள்ளே இடிச்சு எடுத்துட்டா போதும் சார்" என்று சொன்னால்

இதை நிச்சயம் யாராவது சொல்வார்கள். கூட்டை வெட்டி, பீங்கானை இடித்து எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் வைத்துவிடுவார்கள், வெளியே பார்த்தால் கன்வெர்ட்டர் இருப்பது போலவே தெரியும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் வேலை முடிந்துவிடும், அடைப்பும் போய்விடும், வண்டி பறக்கும் என்பார்கள். அடைப்பு போவது உண்மைதான்.

செய்யாதீர்கள். பி.எஸ். 2, பி.எஸ். 3 காருக்கு ஐட்லிங்கில் சி.ஓ 0.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 750 பி.பி.எம்முக்குள்ளும் இருக்க வேண்டும். பி.எஸ். 4 என்றால் 0.3 சதவீதம், 200 பி.பி.எம். கன்வெர்ட்டர் இல்லாத பழைய இன்ஜின் இதற்குள் நிற்பது மிகக் கடினம். அப்புறம் டெஸ்டில் பாஸ் ஆக குறுக்கு வழி தேட வேண்டி வரும், அதற்குப் பணம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பயம். சட்டப்படியும் புகை அளவை மீறும் வண்டியை ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. இதையெல்லாம் விடுங்கள், சிக்னலில் உங்களுக்குப் பின்னால் பைக்கில் குழந்தையோடு நிற்பவர் அந்தக் கார்பன் மோனாக்சைடை நேராக மூச்சில் இழுக்கிறார். எனக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். கூட்டின் ஓரத்தில் கம்பெனித் தையல் போல இல்லாமல் கையால் வைத்த வெல்டிங் தெரிந்தால், தட்டினால் வெறும் டப்பா மாதிரிக் கேட்டால், உள்ளே ஒன்றும் இல்லை.

6. பட்டறையில் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டியவை

எக்ஸாஸ்ட் வேலை தெரிந்த, வெல்டிங் வசதி உள்ள பட்டறையாகப் பாருங்கள். பாகத்தை நான் கொண்டுவருகிறேன், கூலி எவ்வளவு என்று கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களே வாங்கித் தருவதாக இருந்தால் கடைப் பில் உங்கள் பெயரில், வண்டி எண்ணோடு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பழைய கன்வெர்ட்டரைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் வண்டியை விடும்போதே சொல்லுங்கள். கழற்றிய பிறகு கேட்டால் "தூக்கிப் போட்டாச்சே" என்று பதில் வரும்.

போல்ட் ஒடிந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேசுங்கள். பதினைந்து வருடத் துருவில் எந்த நல்ல மெக்கானிக் கையிலும் போல்ட் ஒடியும், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவு எவ்வளவு வரை போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிறகு மனஸ்தாபம் வராது.

7. கழற்றி மாட்டும் நாள்

தரைக்குக் கீழே இருக்கும் வகை என்றால் அரை நாள் வேலை. மேனிஃபோல்டு வகைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முந்தைய நாள் இரவே எல்லா நட்டுகளிலும் சென்சர் மரையிலும் டபிள்யூடி-40 அடித்து ஊற விடச் சொல்லுங்கள், காலையில் இன்னொரு முறை. இது ஒன்றே பாதி போல்ட்டுகளைக் காப்பாற்றும்.

நீங்களே செய்பவராக இருந்தால், வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஓட்டி வந்து ஒரு மணி நேரத்தில் கை வைக்கக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் இல்லை என்றால் இந்த வேலையைத் தொட வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். யாராவது வெல்டிங் வைக்கப்போகிறார் என்றால் இது கட்டாயம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் போய்விடலாம்.

சென்சரை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 22 எம்.எம், வயர் போக வெட்டு உள்ள சாக்கெட் வேண்டும். வயரை முறுக்காமல் கனெக்டரை முதலில் பிரித்துவிட வேண்டும். அப்புறம் ஹீட் ஷீல்டு, அதன் பிறகு பின்பக்க ஃப்ளேஞ்ச் (பைப்புகளை போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு), கடைசியில் முன்பக்கம். கழற்றும்போது பைப்பைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள், பின்னால் இருக்கும் ரப்பர் மவுண்ட் கிழியும்.

மாட்டும்போது கூட்டின் மீதுள்ள அம்புக்குறி புகை போகும் திசையில், அதாவது பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பழைய கேஸ்கட்டை மறுபடி போட விடாதீர்கள். கேஸ்கட் சரியாக உட்காரவில்லை என்று சிலிக்கான் பேஸ்ட் அடைப்பார்கள், அதற்கும் சம்மதிக்க வேண்டாம், சிலிக்கான் ஆவி சென்சரையும் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். சென்சர் மரையில், அது இறுகிப் பிடிக்காமல் இருக்க, ஆன்டி-சீஸ் பசை கொஞ்சம் தடவலாம், நுனியில் படக்கூடாது. எல்லா நட்டுகளையும் முதலில் கையால் பூட்டி, பைப் எங்கும் இடிக்காமல் நேராக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் இறுக்க வேண்டும். ஹீட் ஷீல்டை "இது எதுக்கு சார், சத்தம்தான் போடும்" என்று தூக்கிப் போட விடாதீர்கள். காய்ந்த சருகு மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

மாற்றுப் பாகத்தின் நீளம் ஒத்துவரவில்லை என்று பின்பக்கம் தள்ளி வெல்டிங் வைக்கும் வழக்கம் இருக்கிறது. கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்க 250, 300 டிகிரி சூடாவது வேண்டும். இன்ஜினை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்தச் சூடு வரத் தாமதமாகும். பழையது இருந்த இடத்திலேயே புதிதும் இருக்க வேண்டும்.

8. முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்ததும் கீழே லேசாகப் புகையும் எரிந்த வாடையும் வரும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயும் கைபட்ட அழுக்கும் எரிவதுதான், சில நிமிடத்தில் நின்றுவிடும். சூடேறும் முன்பே ஜாயின்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பாருங்கள். சிறு கசிவு இருந்தாலும் அது வழியாக உள்ளே காற்று போய்ச் சென்சர் தப்பாகப் படிக்கும், டெஸ்டில் மறுபடி தோற்பீர்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு வண்டி ஆறியிருக்கும்போது நட்டுகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

9. புகைச் சான்றிதழும் ஆர்.சி. தேதியும்

டெஸ்ட் எடுக்கப் போகும் முன் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். டெஸ்ட் மையத்தில் வரிசை நீளமாக இருந்தால் இன்ஜினை அணைக்காமல் நிற்கலாம், கன்வெர்ட்டர் ஆறிவிட்டால் நல்ல வண்டிக்கே அளவு கூடிக் காட்டும். சான்றிதழில் சி.ஓ, ஹைட்ரோகார்பன் எண்கள் இரண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த எண்களோடு ஒப்பிட அதுதான் ஆதாரம், வாரன்டி கேட்கும்போதும் அதுதான் உதவும். பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், பி.எஸ். 4-க்கு மேல் என்றால் ஒரு வருடம்.

பதினைந்து வருடம் முடியும் கார் என்றால் படிவம் 25-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், ஊரில் எஃப்.சி. என்று சொல்வது இதைத்தான். காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிவிட்டு, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ், ஆதார் நகல், பென்சிலால் தேய்த்து எடுத்த சேசிஸ் எண் அச்சு ஆகியவை கையில் இருக்கட்டும். மத்திய அரசு விதித்த புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய், இருபது வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. தேதி தாண்டிவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். லோன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கி பெயர் இருந்தால் அதை முதலில் நீக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு தடை விழும்.

இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், காலாவதி தேதிக்கு மூன்று மாதம் முன்பே முதல் புகை டெஸ்ட் எடுத்துவிடுங்கள். காரணம் தேடி அதைச் சரிசெய்ய இரண்டு மூன்று வாரம், பாகம் வர அதிகபட்சம் மூன்று வாரம், மாட்டி ஓட்டிப் பார்க்க ஒரு வாரம். அப்போதுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டி நிற்கும் நாளில் கையில் புதுச் சான்றிதழ் இருக்கும்.

10. பழைய கன்வெர்ட்டர்

திருப்பி வாங்கினீர்கள் அல்லவா, அதைச் சும்மா இரும்பு எடைக்குப் போடாதீர்கள். இடிக்காத, உள்ளே பீங்கான் முழுசாக இருக்கும் ஒரிஜினல் கன்வெர்ட்டருக்குக் காயலான் கடைக்காரர் தரும் விலை இரும்பு விலையைப் போலப் பல மடங்கு. வேலை செய்த பட்டறையிலேயே கேட்டால் முதலில் சில நூறு ரூபாய் சொல்வார்கள், இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூட்டின் மீது இருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவர்கள் அதைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். வீட்டில் வைத்து உடைத்துப் பார்க்க வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. ஆனால் புதியதின் வாரன்டி ஓடும் முதல் சில வாரங்கள் வரை பழையதை விற்காமல் வைத்திருங்கள், புதியதில் பொருத்தம் சரியில்லை என்று கடைக்காரரிடம் போய் நின்றால் பக்கத்தில் வைத்துக் காட்ட அது வேண்டியிருக்கும்.